தெருவே வளர்க்கும் நாய்க்கு ஒரு வீடு... ஏலமலை அடிவாரத்து ராசிங்காபுரம் சொல்லும் கணக்கு!

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் பஸ் ஏறினால், வலது பக்க ஜன்னல் முழுக்க மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் வைத்ததுபோல கூடவே வரும். சிலமலை, சில்லமரத்துப்பட்டி, ராசிங்காபுரம் என்று அடுத்தடுத்து ஊர்கள். தென்னந்தோப்பு, மக்காச்சோளக் காடு, நடுவே சின்னச் சின்ன கோயில்கள். ஆனி, ஆடியில் வந்தால் மலையைத் தாண்டி வரும் காற்று ஆளைத் தள்ளும். அந்தப் பக்கம் கேரளாவில் மழை கொட்டும்போது, இந்தப் பக்கம் சாரல் மட்டும் முகத்தில் தெளிக்கும்.

இந்த ஊர்களின் ஒரு நாள், சூரியன் வருவதற்கு முன்பே ஜீப் சத்தத்தோடு தொடங்கிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போய் இறங்கினால் வேலை. திரும்பி வீடு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும்.

அதுவரை தெருவைப் பார்த்துக்கொள்வது யார்? திண்ணையில் இருக்கும் அப்பத்தாக்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், அப்புறம் நாய்கள்.

சொந்தமும் இல்லை, அநாதையும் இல்லை

'தெருநாய்', 'வீட்டு நாய்' என்று நகரத்தில் சுலபமாகப் பிரித்துவிடலாம். அடிவாரத்து ஊர்களில் அப்படிப் பிரிக்க முடியாது. ஒரு நாய் காலையில் ஒரு வீட்டில் பழைய சோறு சாப்பிடும், மத்தியானம் டீக்கடை வாசலில் படுத்திருக்கும், ராத்திரி வேறொரு வீட்டின் மாட்டுக்கொட்டகையில் காவல் இருக்கும். "யார் வீட்டு நாய்?" என்று கேட்டால், "நம்ம தெரு நாய்தான்" என்று பதில் வரும்.

அதில் அன்பு இருக்கிறது. ஒரு சிக்கலும் இருக்கிறது. சோறு போட பத்துப் பேர் உண்டு. ஊசி போட அழைத்துப் போக ஒருவர்கூட இல்லை. நாய் நன்றாக இருக்கும்வரை அது எல்லோருக்கும் சொந்தம். யாரையாவது கடித்துவிட்டால், 'எங்க வீட்டு நாய் இல்லை' என்று எல்லோருமே சொல்லிவிடலாம்.

மீட்கப்பட்ட நாயைத் தத்தெடுப்பது என்றவுடன் சென்னை, பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் அது ராசிங்காபுரம் மாதிரி ஊருக்கு இன்னும் பொருத்தமான விஷயம். ஏற்கெனவே பாதி தத்தெடுத்த நாயை முழுசாகத் தத்தெடுப்பது, அவ்வளவுதான்.

இதே சாலையில்தான் கோம்பை

ராசிங்காபுரத்தைத் தாண்டி தேவாரம், அதையும் தாண்டினால் கோம்பை. நாய்ப் பிரியர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும். செம்பழுப்பு உடம்பு, கறுத்த வாய் என்று இருக்கும் கோம்பை நாய், இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு சேர்த்துத் தமிழ்நாட்டின் பெருமையாகச் சொல்லப்படும் இனம். 2020 ஆகஸ்ட் 30-ம் தேதி 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் மோடி நாட்டு இன நாய்களைப் பற்றிப் பேசியபோது, கோம்பையின் பெயரும் அதில் இடம்பெற்றது.

கோம்பைக் குட்டி வேண்டுமென்று வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அதே சாலையில், பாலத்தடியிலும் பஸ் ஸ்டாப்பிலும் விடப்படும் குட்டிகளை எடுக்க ஆள் இல்லை. வெயில், காற்று, பழைய சோறு என எல்லாவற்றுக்கும் பழகிய உடம்பு நம் தெருநாய்க்கு. ராத்திரி வேற்றாள் வந்தால் குரைப்பதில் அதுவும் சளைத்ததில்லை. குறை என்று பார்த்தால், அதற்கு இனப்பெயர் இல்லை. அது மட்டும்தான்.

நாய்க்கு மரியாதை கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோக, அவனது நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்கிறது அந்தக் கல்வெட்டு. அந்த நாயின் பெயர் கோவிவன். வீரனுக்குப் பக்கத்தில் நாயின் உருவத்தையும் செதுக்கி, பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகள் ஆகியும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், அன்று அதற்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்ததுதான் காரணம்.

"பொட்டக் குட்டியா... விட்டுட்டு வா!"

மழைக்காலம் முடிந்து மார்கழி, தை வந்தால் தெருவெங்கும் குட்டிகள் கண்ணில் படும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வருவான். "அம்மா, இத வச்சுக்குவோம்மா" என்பான். அம்மா கேட்கும் முதல் கேள்வி, "கடுவனா, பொட்டையா?" என்பதாகத்தான் இருக்கும். பொட்டை என்றால், "எடுத்த இடத்துலயே விட்டுட்டு வாடா" என்பதுதான் பதில்.

இந்தக் காட்சி தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும். அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடவும் முடியாது. விடியும் முன்னே மலையேறி, பொழுது சாய்ந்து வருகிறவர் அவர். பெண் நாய் என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை சினைப்படலாம். சினைக்காலம் ஏறக்குறைய இரண்டே மாதம். ஒரு ஈட்டுக்கு நாலைந்து குட்டிகள். அவற்றை யார் பார்ப்பது, யாரிடம் கொடுப்பது?

இப்படி ஒதுக்கப்படும் பெண் குட்டிகள்தான் பாலத்தடிக்குப் போகின்றன. அதில் பிழைப்பவை அடுத்த வருஷம் தெருவிலேயே குட்டி போடுகின்றன. ஊரில் நாய் பெருகிவிட்டது என்று எல்லோரும் அலுத்துக்கொள்வதன் ஆரம்பம், அந்த 'விட்டுட்டு வா'தான்.

இதற்கு விடை கருத்தடை அறுவை சிகிச்சை. சுமார் ஆறு மாத வயதில் செய்துவிட்டால், குட்டிகளைப் பற்றிய கவலையே இல்லை. கர்ப்பப்பை சீழ் போன்ற நோய்களிலிருந்தும் நாய்க்குப் பாதுகாப்பு. ஒரு பெண் குட்டியை எடுத்து வளர்த்து, கருத்தடை செய்யும் குடும்பம், ஊருக்கே உதவி செய்கிறது.

சென்னை தொடங்கிய வழி

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. கேப்டன் வி.சுந்தரம் சென்னையில் 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா' அமைப்பைத் தொடங்கியது 1959-ல். அடிபட்ட, கைவிடப்பட்ட பிராணிகளை மீட்டு, சிகிச்சை கொடுத்து, நல்ல வீடுகளுக்குத் தத்துக் கொடுப்பதை அது இன்றும் செய்துவருகிறது. தெருநாய்களைக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடைதான் வழி என்று 1960-களிலேயே வலியுறுத்திய அமைப்பும் அதுதான். பின்னாளில் மத்திய அரசு 2001-ல் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 2023-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

2016 ஜூலையில் சென்னையில் நடந்த சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். மருத்துவ மாணவர் ஒருவர் மொட்டைமாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதை வீடியோ எடுக்க, நாடே கொதித்துப்போனது. இறந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்த அந்த நாய், சில நாள்கள் கழித்து எலும்பு முறிவோடு உயிருடன் கிடைத்தது. 'பத்ரா' என்று பெயர் வைத்து, சிகிச்சை கொடுத்தார்கள். பிறகு அதற்கு ஒரு வீடும் கிடைத்தது. அத்தனை கொடுமையை அனுபவித்த பிறகும் அது மனிதர்களிடம் வாலாட்டியதுதான் பார்த்தவர்களை உலுக்கியது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. மறைந்த ரத்தன் டாடாவின் செல்ல நாய் 'கோவா', கோவாவில் கிடைத்த தெருநாய்தான். டாடா குழுமத்தின் தலைமையகமான மும்பை பாம்பே ஹவுஸை 2018-ல் புதுப்பித்தபோது, தெருநாய்களுக்கென்றே அங்கு தனி இடம் ஒதுக்கினார்கள். அவ்வளவு ஏன், 1957-ல் பூமியைச் சுற்றிவந்த முதல் உயிரினமான லைக்காவும் மாஸ்கோ தெருவில் திரிந்த நாய்தான்.

நீதிமன்றம் சொன்னது, ஊருக்கு என்ன?

2025 ஆகஸ்ட் 22-ம் தேதி, தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவற்றை மட்டும் விடக்கூடாது என்றது. அதே உத்தரவில், விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும் சொன்னது. கூடவே ஒரு நிபந்தனை: தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது. அது தத்தெடுத்தவரின் பொறுப்பு.

அடுத்து நவம்பர் 7-ம் தேதி இன்னோர் உத்தரவு. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களை அகற்றிக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். திரும்ப அங்கேயே விடக்கூடாது.

ஒரு கிராமத்து நாய் எங்கே வாழ்கிறது என்று யோசித்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். சத்துணவு மிச்சம் கிடைக்கும் பள்ளிக்கூட வாசல், நிழற்குடை, ஆரம்ப சுகாதார நிலையத்துத் திண்ணை. இந்த இடங்கள் இல்லை என்றானபின் அது எங்கே போகும்? காப்பகம் ஊருக்கு ஊர் இருக்கப்போவதில்லை. மிச்சம் இருப்பது வீடுகள்தான்.

பிள்ளைகளின் பயமும் நியாயம்தான்

நாய் மேல் பாசம் உள்ளவர்கள் ஒன்றை மறந்துவிடக்கூடாது. வெறிநோய் வந்தபின் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். பலியாவோரில் பிள்ளைகள் அதிகம். தனியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் அம்மாவுக்கு நாய் என்றால் பயம் வருவதில் தப்பே இல்லை.

ஆனால், அந்தப் பயத்துக்கு மருந்தும் பொறுப்பான வளர்ப்புதான். ஊசி போட்ட நாய்கள் தெருவில் அதிகமானால், நோய் பரவ வழி குறையும். ஆண்டுக்கு ஓர் ஊசி, அவ்வளவே.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சின்னக் குட்டிதானே என்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தடுப்பூசி இலவசம். ஆழமான காயம் என்றால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். டாக்டர் சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியையும் முடிக்க வேண்டும். இரண்டு ஊசி போட்டதும் ஜீப் ஏறிவிடக்கூடாது.

வாரத்துக்கு விடுவது மாதிரி!

தத்தெடுக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நகரத்தில் அதை 'ஃபாஸ்டரிங்' என்கிறார்கள். குட்டி தேறும்வரையோ, நிரந்தர வீடு கிடைக்கும்வரையோ சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது.

கிராமத்துக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஆட்டையோ மாட்டையோ இன்னொருவர் வீட்டில் 'வாரத்துக்கு' விட்டு வளர்ப்பது நாம் காலங்காலமாகச் செய்வதுதான். ஆட்டு வாரத்தில் பிறக்கும் குட்டியில் பங்கு உண்டு. நாய்க்குட்டி வாரத்தில் பங்கு கிடையாது. கொடுக்கும் நாளன்று கொஞ்சம் கண்ணீர்தான் மிச்சம். ஆனால், அந்தச் சில வாரங்கள்தான் ஒரு குட்டி பிழைக்குமா, சாகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. எட்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பது நல்லது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை விற்கக்கூடாது என்று 2017-ம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. தாய் இல்லாத குட்டி என்றால், அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தத் தற்காலிக வீடு.

பாட்டி வீட்டில் இருக்கிறார், பிள்ளைகளுக்கு லீவு, ஜீப் வேலை குறைந்த மாதம் என்று காலம் பார்த்து ஒரு குடும்பம் ஒரு குட்டிக்கு வீடு தரலாம். நாய் வளர்ப்பது நமக்குச் சரிப்பட்டு வருமா என்று தெரிந்துகொள்ளவும் இதுவே நல்ல வழி.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

தெருவிலிருந்து வந்த குட்டியை உடனே குளிப்பாட்ட வேண்டாம். குளிரில் ஒடுங்கிவிடும். அட்டைப்பெட்டியில் பழைய பருத்திச் சேலையை மடித்துப்போட்டு, தண்ணீர் வைத்துவிட்டு, கொஞ்சம் தனியாக விட வேண்டும். தெருப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று தூக்கினால் மிரண்டுபோகும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், இரண்டு வாரமாவது இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும். பார்வோ என்ற வைரஸ், ரத்தக்கழிச்சலாக வந்து குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். அடுத்தது உண்ணி. காது மடல், கால் விரல் இடுக்குகளில் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நாயின் ரத்தத்தையே குறைத்துவிடும்.

சோறு, முட்டை, தயிர் எல்லாம் கொடுக்கலாம். ஆனால், வெங்காயம் நாய்க்கு ஆகாது. குழம்புச் சோற்றை அப்படியே வழித்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேகவைத்த கோழி எலும்பும் கூடாது. ஊசிபோல உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட்டும் திராட்சையும் விஷம். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த கம்பம் பள்ளத்தாக்கில் இது இன்னும் முக்கியம்.

தத்தெடுத்த நாய் பழக எவ்வளவு நாள் ஆகும்? மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று மூன்றாகக் கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் பயந்து கிடக்கும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் 'இது நம்ம வீடு' என்று ஆகிவிடும். முதல் வாரத்திலேயே 'இது சரிப்படாது' என்று முடிவு கட்டக்கூடாது.

வேலைக்குப் போகும் வீடுகளில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவது இன்னொரு தப்பு. கட்டியே வளரும் நாய்க்குக் கோபம் அதிகம். நிழலும் தண்ணீரும் உள்ள, வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டால் போதும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசித்துவிட்டே நாயை எடுக்க வேண்டும்.

நாயை மலைக்கும், காட்டுக்கும் கூட்டிப்போவதும் வேண்டாம். சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்ததற்கு இந்த வைரஸும் ஒரு காரணம். நம் மலைகளில் செந்நாய்கள் இருக்கின்றன. வீட்டு நாய்க்குப் போடும் ஊசி, காட்டையும் சேர்த்தே காக்கிறது.

வெளியூருக்குக் கூட்டிப்போகிறீர்களா?

அகலப்பாதை வேலைக்காக 2010-ன் கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 முதல் மறுபடி போடிக்கு வருகிறது. சென்னையிலிருந்து ஊருக்கு வந்த பேரப்பிள்ளைகள், ஒரு குட்டியைக் கையோடு கொண்டுபோக ஆசைப்படலாம். சாதாரண பெட்டியில் மடியில் வைத்துப் போக முடியாது. ரயிலில் நாய்க்கு முன்பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான் இடம். தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அவ்வளவு தூரப் பயணம் சின்னக் குட்டிக்கு ஆகாது. ஊசிகள் முடியும்வரை தாத்தா வீட்டிலேயே வளரட்டும்.

காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். தை முதல் வாரத்தில் பிறந்த குட்டி என்று வைத்துக்கொள்வோம். மாசி கடைசியில் பார்வோ, டிஸ்டெம்பருக்கான முதல் ஊசி. டாக்டர் சொல்லும் இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். கூடவே பூச்சி மருந்து. மூன்று மாதம் முடியும் சித்திரையில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு வருஷம் தவறாமல். ஆறு மாதம் ஆகும் ஆடியில் கருத்தடை. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எங்கே, எப்போது என்று சொல்வார்கள். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம்.

ஆடி, ஆவணியில் ஏலக்காய் அறுவடை சூடுபிடித்துவிடும். ஜீப்புகள் நிரம்பும், வீட்டில் யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் ஆபரேஷனை ஆடி முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது. தையல் ஆறும்வரை பத்து நாள், குட்டியைத் திண்ணைப் பக்கமே வைத்துப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அப்பத்தாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்!